ஒப்புரவும் இடியப்பத் தட்டும்

இலங்கையில் 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் சில பிளாஸ்ரிக் பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. உறிஞ்சுகுழல், கரண்டி, முட்கரண்டி, கோப்பை, தட்டு, மாலை என்பன அத்தடைக்குள் அடங்கின. அவற்றோடு இடியப்பத் தட்டும் அடங்கியது. ஒருமுறை பயன்படுத்தி எறியப்படுபவை என்ற பெயரிலேயே இப்பொருள்கள் பொதுவாகச் சுட்டப்படுகின்றன. ஆயின், இடியப்பத் தட்டை ஒருமுறை அவித்தபின் எறிந்துவிடுவார் எவரும் இலர். விற்பனைக்கு இடியப்பம் அவிக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் ஒரே தட்டு மாதக்கணக்காக, நாள்தோறும் பன்முறை, நீராவியுட் சென்று மீள்கின்றது. விளிம்பு உடைந்து, உரு வளைந்து, இனி உதவாது என்று ஆனபின்னரே அது குப்பையைச் சேர்கின்றது.

இதனைச் சொல்லாட்சி பற்றிய சிறு சிக்கலெனக் கருதிக் கடந்துவிடலாம். எனினும், இதனுள் ஓர் அறவியல் வினா பொதிந்து கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது. சூழலைப் பேணும் கடமை சமுதாயத்தில் எங்கே தொடங்குகின்றது? சிறுதொழில் செய்து பிழைக்கும் பெண்ணுக்கும் அக்கடமை உண்டோ? உண்டெனின், அதன் அளவு யாது?

இவ்வினாவைக் கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து நோக்குவது பொருத்தமாகும். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது கண்டி. கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல என்னும் கால்வாய் நகரின் கழிவையெல்லாம் ஏந்திக்கொண்டு கெட்டம்பேயில் மகாவலியோடு கலக்கின்றது. நகரத்துக் குப்பை சென்று குவிந்த கொஹாகொட என்னும் இடமும் அதே மகாவலியின் கரையிலேயே உள்ளது. எறிந்த பொருள் கண்ணுக்குத் தொலைவாய்ப் போய்விட்டது என்று ஆறுதல் கொள்ளும் வசதி இந்நகரத்தவர்க்கு இல்லை.

இந்நகரைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, பேராதனை, அக்குறணை, கம்பளை முதலிய இடங்களில் விடியுமுன் அடுப்பு மூட்டி, இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்களும், நண்பகலுக்குச் சோற்றுப் பொதி கட்டி விற்கும் பெண்களும் பலராவர். அவர்களது முதல் என்று சொல்லத்தக்கவை ஓர் உரல், சில பத்துத் தட்டுக்கள், ஒரு நீராவிப் பாத்திரம், ஓர் அடுப்பு, பொதி சுற்றும் தாள் ஆகியவையே. சூழலுக்கு இசைந்த கருவி, சூழலுக்கு இசைந்த தொழின்முறை என்று கருத்தரங்குகளிற் பேசப்படுவன யாவும் இறுதியில் இந்த ஐந்து பொருள்களுள் ஒன்றை மாற்றும்படி அவளிடம் கேட்பனவே.

முதலில் தட்டை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்ரிக் வருமுன் பிரம்புத் தட்டே வழக்கில் இருந்தது. கொழும்பு - கண்டி வீதியில் வேவல்தெனிய, ரதாவடுன்ன ஆகிய ஊர்கள் இன்றும் பிரம்பு வேலைக்குப் பெயர்பெற்றவை. பிரம்புத் தட்டு பாரமற்றது. ஆவியை நன்கு ஊடுருவ விடுவது. உடைந்தபின் மண்ணோடு மண்ணாவது. இவை அதன் நன்மைகள். பின்னலின் இடுக்குகளிற் புகுந்த மாவைத் தேய்த்துக் கழுவ நேரம் எடுக்கும் என்பதும், ஈரம் உலராவிடிற் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும், கண்டியின் மழைமாதங்களில் அதனை உலர்த்துவது எளிதன்று என்பதும் அதன் மறுபக்கம். பிளாஸ்ரிக் தட்டோ நீரில் அலசி உதறியவுடன் மறுமுறைக்கு ஆயத்தமாகிவிடும். அதனை வாங்கிய பெண் உண்மையில் அதிகாலையின் அரைமணி நேரத்தை வாங்கினாள். பிரம்புக்குத் திரும்பு என்று அவளிடம் சொல்பவர் அந்த அரைமணி நேரத்தைத் திருப்பித் தருமாறு கேட்கின்றார். பெண்ணின் நேரத்துக்கு விலை எழுதும் வழக்கம் எமது கணக்கேடுகளில் இல்லாமையால் இக்கோரிக்கை செலவற்ற நற்போதனை போலத் தோற்றமளிக்கின்றது.

பொதித்தாளின் வரலாறும் இத்தகையதே. 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீன் 2007ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் தடைக்குள்ளாயிற்று. அதற்கு மாற்றாக எல்லாரும் உடனே நினைவுகூர்வது வாழையிலை. வாழையிலையின் பெருமையைப் பாடாத தமிழர் யார்? ஆனால் அதனைத் தோட்டத்தில் வெட்டி, துடைத்து, தணலில் வாட்டி, கிழியாமல் மடித்துச் சோறு கட்டும் வேலை எவ்வளவு என்பதைப் பாடுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. வளவுள்ள வீட்டிலேதான் இலை இலவசம். மலைச்சரிவில் ஒன்றன்மேலொன்றாய் நெருங்கிய வீடுகளில் வாழ்பவள் இலையையும் காசு கொடுத்தே வாங்கவேண்டும். பொதியின் விலையையோ அவள் தன் விருப்பப்படி கூட்ட இயலாது. பத்து ரூபா கூடினால் அடுத்த கடைக்குப் போகும் வாடிக்கையாளர் உளர். அவர்களுட் பல்கலைக்கழக மாணவரும் விரிவுரையாளரும் அடங்குவர். ஆகவே இலைக்கும் தாளுக்கும் உள்ள விலை வேறுபாடு பெரும்பாலும் அவளது வருவாயிலிருந்தே கழிகின்றது.

இந்நிலையில் இரக்கமுள்ளோர் சிலர், ‘அவளை விட்டுவிடுங்கள்; பெரிய ஆலைகள் செய்யும் கேட்டின் முன் இவளது தாள் எம்மாத்திரம்?’ என்பர். கேட்பதற்கு நியாயமாகவே இவ்வாதம் தோன்றும். எனினும் இதனை ஏற்பதற்கில்லை. அவள் சுற்றிக் கொடுத்த தாள் உண்டவன் கையிலிருந்து வீதிக்கு வருகின்றது. வீதியிலிருந்து அதனைக் கூட்டி அள்ளுவோர் யாவர்? கண்டி நகரைத் துப்புரவு செய்வதற்கென ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் மஹியாவப் பகுதியில் இன்றும் நெருக்கமான குடியிருப்புக்களில் வாழ்கின்றனர். தலைமுறை தலைமுறையாக மாநகரசபையின் துப்புரவுப் பணி அவர்கள்மீதே சுமந்தது. ஓர் ஏழைப்பெண் எறியவிட்ட தாள் இன்னோர் ஏழைப்பெண்ணின் விளக்குமாற்றில் வந்து சிக்குகின்றது. மீதொட்டமுல்லவிற் புதையுண்ட வீடுகளும் மாளிகைகள் அல்ல. தீங்கு வறியோரையே முதலிற் சென்றடைவதால், வறுமையைக் காட்டி ஒருத்தியைக் கடமையினின்று விடுவிக்கும்போது வேறொருத்திமீது சுமை ஏற்றப்படுகின்றது. அன்றியும், ‘உனக்கு இதெல்லாம் வேண்டாம்’ என்று விலக்கு அளிப்பதில் ஒருவகை இளக்காரமும் உண்டு. ஒழுக்கம் பற்றிய பேச்சில் அவளுக்கு இடமில்லை என்று ஆக்கிவிடுகின்றது அது.

எனவே கடமை அவளுக்கும் உண்டு. ஆயின் அதன் அளவு? இங்கே வள்ளுவர் எமக்குத் துணைசெய்கின்றார். திருக்குறளில் ஈகை அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. இரப்பார்க்கு வழங்குவது ஈகை. ஊர்ப்பொதுவின் நன்மைக்கு ஒருவன் ஆற்றவேண்டிய கடப்பாடு ஒப்புரவு. நீரையும் மண்ணையும் காற்றையும் பேணுதல் பின்னையதன்பாற்படும் என்பதில் ஐயமில்லை. அவ்வதிகாரத்தில் வள்ளுவர் எடுத்தாளும் உவமைகளைக் கவனித்தல் வேண்டும். நீர் நிறைந்த ஊர்க்குளம், ஊர் நடுவே கனிந்து நிற்கும் மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் ஆகிய மூன்றும் நிறைவின் உவமைகள். செல்வம் உடையாரை நோக்கியவை. அடுத்து வரும் குறளில் நோக்கு மாறுகின்றது. கைப்பொருள் சுருங்கிய காலத்திலும் கடமையை அறிந்தோர் ஒப்புரவிலே தளரார் என்கின்றார். இதற்கடுத்த குறள்தான் எனது நோக்கில் இவ்விடயத்தின் உயிர்நிலை: நல்லியல்பு உடையவனுக்கு வறுமை என்பது செய்யவேண்டியதைச் செய்யமாட்டாது வருந்தும் நிலையே என்பது அதன் பொருள்.

இம்மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஒரு தெளிவு பிறக்கின்றது. வறுமை கடமையை அழிப்பதில்லை. கடமையைச் செய்யும் வழியை அடைக்கின்றது. அப்படியாயின், நிறைந்த குளமாய் இருப்போரின் முதற் கடமை, அடைபட்ட வழியைத் திறந்துவிடுவதாகும். குளம் வற்றியவளிடம் போய் நீர் கேட்பது அறவுரை ஆகாது.

மேலைநாட்டுச் சிந்தனையும் வேறொரு பாதையால் இவ்விடத்துக்கு அண்மையில் வந்திருக்கின்றது. ஒருவரது தொழிலின் கேடு பிறர் தலையில் விழுமாயின் அக்கேட்டின் விலையை அத்தொழிலே தாங்கவேண்டும் என்ற கருத்துக்கு 1920இல் ஆதர் பிகூ என்னும் பொருளியலறிஞர் வித்திட்டார். மாசுபடுத்துபவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடாக அது வளர்ந்து 1992ஆம் ஆண்டின் றியோ பிரகடனத்தில் இடம்பெற்றது. ஆயின், சோற்றுப் பொதியைப் பொறுத்தவரையில் மாசுபடுத்துபவர் யார்? தாளை உற்பத்தி செய்தவரா, சுற்றியவளா, உண்டபின் எறிந்தவரா? மூவரும் என்பதே நேர்மையான விடை. அதே பிரகடனம் பொறுப்பு யாவர்க்கும் பொதுவெனினும் ஆற்றலுக்கும் கேட்டின் பங்குக்கும் ஏற்ப அது வேறுபடும் என்று நாடுகளைக் குறித்துச் சொல்லியது. வல்லரசுகளுக்கும் வறிய நாடுகளுக்கும் இடையே நாம் வலியுறுத்தும் இந்நியாயத்தை, ஒரே வீதியில் உண்போனுக்கும் சமைப்பவளுக்கும் இடையே ஏன் வலியுறுத்துவதில்லை?

வழியைத் திறத்தல் என்று மேலே குறித்ததற்கு ஓர் உண்மை எடுத்துக்காட்டு எமது அண்மையிலேயே உண்டு. அதுதான் அனகி அடுப்பு. 1966இல் சூமாக்கர் முன்னின்று தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் 1980களில் இதனைப் பரப்பின. கண்டியைத் தளமாகக் கொண்டியங்கிய அபிவிருத்தி நிறுவனமொன்றும் இதிலே பெரும்பங்கு கொண்டது. சுட்ட களிமண்ணாலான இருவாய் அடுப்பு இது. மூடிய அறையில் விறகு எரிய, முதல் வாயில் உள்ள பானை நேர்ச்சுவாலையைப் பெறுகின்றது. எஞ்சிய வெப்பம் உட்துளை வழியாக இரண்டாம் பானைக்குச் செல்கின்றது. சோறும் கறியும் ஒரே நெருப்பில் ஆகிவிடும். மூன்றுகல் அடுப்பினும் விறகு குறைவு, நேரமும் குறைவு. பயிற்சி பெற்ற குயவர்கள் இதனை வனைந்து சாதாரணச் சந்தையிலே குறைந்த விலைக்கு விற்றனர். காட்டின் நன்மையும் அவளது நன்மையும் இங்கு ஒன்றுகூடின. ஆகவே எவரும் அவளுக்கு உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை. 2022இல் சமையல் எரிவாயு கிடையாது மக்கள் வரிசையில் நின்ற காலத்தில், விறகடுப்பைக் கைவிடாதிருந்தோர் எவ்வளவு பாக்கியசாலிகள் என்பதை நகரத்தவர் உணர்ந்தனர்.

எனினும் அனகியையும் அளவுக்குமேற் புகழ்தல் தகாது. குடும்பச் சமையலின் அளவை மனத்திற்கொண்டு அமைந்த அடுப்பு அது. விற்பனைக்கு அவிப்பவளின் பெரும்பாத்திரத்துக்கு எப்போதும் இசையாது. மேலும் விறகு எத்துணை சிக்கனமாக எரிந்தாலும் புகை புகையே. வீட்டினுட் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. விறகு மீண்டும் வளரும், எரிவாயு வளராது என்ற கணக்கின்படி விறகே சூழலுக்கு இசைந்தது. ஆனால் அவளது நுரையீரலும் சூழலின் ஒரு பகுதிதானே! புகைபோக்கியில்லாத சமையலறையில் ஒருநாள் விடியற்காலை நின்று பார்த்தபின்னரே எரிவாயு வாங்கும் பெண்ணை ஒருவர் குறைகூறத் துணியலாம்.

நல்ல கருவியைக் கடனுக்குக் கொடுத்துவிட்டால் வழி திறந்துவிடும் என்ற எண்ணமும் இக்காலத்தே பரவலாக உண்டு. நுண்கடனால் நசிந்த பெண்கள் 2021இல் ஹிங்குராக்கொடையிற் சத்தியாக்கிரகம் இருந்ததை அறிந்தோர் இதனைத் தயக்கத்தோடே நோக்குவர். சூழலைக் காக்கும் தட்டு வட்டியோடு வருமாயின், அதன் செலவை மீண்டும் அவளே தாங்குகின்றாள். தாங்கும் காலம் மட்டும் நீள்கின்றது.

2025ஆம் ஆண்டு நவெம்பர் முதலாந் திகதி தொடக்கம் கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுத்தல் ஆகாது என்றும் அதன் விலையைப் பற்றுச்சீட்டிற் காட்டவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பையின் செலவை வாங்குபவனே கண்ணாற் கண்டு செலுத்தும் இம்முறை, அளவிற் சிறிதாயினும், மேற்கூறிய நியாயத்துக்கு இசைந்ததே. கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ சோற்றுப் பொதி விற்கும் பெண் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை. அவள் பொதியைச் சுற்றிய வாழையிலைக்கும் அதை வாட்டிய அரைமணி நேரத்துக்கும் உரிய விலையை எந்த வரியில் எழுதுவது, அதனை உண்பவன் எவ்வாறு செலுத்துவது என்பது இன்னும் தீராத கேள்வியாகவே இருக்கின்றது.