முதல் ஆசீர் யாருக்கு?



ஆண்டவர் உலகைப் படைத்தபோது முதன்முதலில் யாரை ஆசீர்வதித்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால், "ஆதாமையும் ஏவாளையும்" என்று பிள்ளைகள் உடனே கையுயர்த்துவார்கள். பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான் சொல்வோம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஐந்தாம் நாளிலே, மனிதன் இன்னும் உருவாகாத வேளையிலே, கடலில் நீந்துவனவற்றையும் பறவைகளையும் பார்த்து, பெருகும்படி அவர் ஆசி கூறிவிட்டார். நமக்குக் கிடைத்தது இரண்டாவது ஆசீர்தான்.

தில்லையடி என்றதும் தில்லை மரம் நினைவுக்கு வரும். பால் பட்டால் கண் போய்விடும் என்று நாம் விலகி நடக்கும் மரம். அந்தத் தில்லையும் கண்ணாவும் வளரும் இதே புத்தளம் களப்பின் அடியில், வெளிச்சம் எட்டும் ஆழத்தில், கடற்புல் வயல்போல் வளர்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் ஒதுங்கி வளரும் தொட்டில் அது. இத்தகைய புல்லிடையே வாழும் கடற்குதிரையில் முட்டைகளை வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சு பொரிப்பது தகப்பன்! குடும்பப் பாரமெல்லாம் தாய்க்கே என்றிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.

அந்தப் புல்லையே மேய்ந்து வாழும் ஒரு பிராணியும் உண்டு. கடற்பன்றி, கடற்பசு, ஆவுளியா என்று பல பெயரால் அழைக்கிறோம். பன்றியுமல்ல, பசுவுமல்ல, யானைக்குத்தான் அது உறவு. மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ எடை வரை வளரும். மீனைப்போல நீரில் சுவாசிக்க அதனால் முடியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். கன்றுக்குப் பாலூட்டும். எழுபது வயது வரை வாழக்கூடியது. ஆனால் ஓராண்டுக்கும் மேலாகச் சுமந்து ஈனுவது ஒரே கன்று. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு வருடங்கள் செல்லும்.

1834-ல் ருப்பெல் என்ற ஜெர்மானிய அறிஞர், செங்கடலில் வாழும் இந்தப் பிராணிக்கு 'திருக்கூடாரத்துக்குரியது' என்று பொருள்படும் இலத்தீன் பெயரையே சூட்டினார். மோயீசன் அமைத்த திருக்கூடாரத்தின் மேல் விரித்தது இதன் தோல்தான் என்பது அவர் எண்ணம். அறிஞர்கள் எல்லாரும் இதை ஏற்பதில்லை.

இதன் இனத்தான் ஒருவன் வடகடலில் வாழ்ந்தான். 1741-ல் ஸ்டெல்லர் என்பவர் அவனைக் கண்டு எழுதினார். இறைச்சிக்காக வேட்டையாடினார்கள். 1768-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இருபத்தேழே வருடங்கள்! ஆண்டவர் ஆசீர்வதித்த ஒன்றை மனிதன் முடித்து வைத்தான்.

இங்கேயும் ஆவுளியா அரிதாகிவிட்டது. அதைக் கொல்வதை இலங்கைச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் வலையில் அகப்பட்டால், மேலே வந்து மூச்சு வாங்க வழியின்றி அது மூழ்கிச் சாகும். அதை நெரிப்பது கொலை எண்ணமல்ல, இரவில் விரித்துவிட்டு வந்த வலை.

"சுவாமி, செத்தது செத்ததுதானே? வீட்டில் பிள்ளைகள் பட்டினி. இறைச்சியை விற்றால் என்ன பாவம்?" என்று ஒரு தொழிலாளி கேட்டால், கோயிலில் நின்று கடிந்துகொள்வது எனக்கு எளிது. கடன்பட்டு வலை வாங்கியவன் அவன், நானல்ல. ஆனால் இன்று செத்ததற்கு நல்ல விலை கிடைத்தால், நாளை உயிரோடு அகப்படுவதை விட்டுவிட அவனுக்கு மனம் வருமா? அவனே நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

உயிரோடு இருந்தால் முதலில் அதன் மூக்கை நீருக்கு மேலே பிடியுங்கள். பிறகு வலையை அறுங்கள். அக்கரையில் தமிழ்நாட்டு அரசு 2022-ல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியாவுக்கென்று ஒதுக்கியது. வலையறுத்து விடுவித்த மீனவர்களை வனத்துறை வெகுமதி கொடுத்துக் கௌரவித்திருக்கிறது.

இங்கே அறுந்த வலைக்கு யார் ஈடு கொடுப்பது? திருநாளுக்கு வாணவேடிக்கையும் ஒலிபெருக்கியும் குறைவில்லாமல் நடத்துகிறோம். அந்தக் கணக்கிலிருந்து வருடத்துக்கு ஒரு வலையின் விலையை ஒதுக்கி வைக்க முடியுமா என்று, அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள்.