கறுப்பு நாயும் இருள்மலமும்

மலேசியாவில், காஜாங் சுங்கை சுவா பக்கம் வீட்டு நாயைப் படமெடுக்க என்னைக் கூப்பிடுகிறவர்கள், நாய் கறுப்பாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்: “அண்ணே, இவன் மூஞ்சி படத்துல தெரியவே தெரியாது. கொஞ்சம் வெளிச்சத்தக் கூட்டி எடுங்க.”

கேமராவுக்கும் அதே எண்ணம்தான். எதிரே எது நின்றாலும், விழுந்த ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பித் தரும் நடுச்சாம்பல் என்றே அதன் ஒளி மீட்டர் கணக்குப் போடுகிறது. கறுப்பு ரோமம் திருப்புவதோ அதில் சிறு பங்கு. நாய் படம் முழுக்க நிறைந்தால், வெளிச்சம் போதவில்லை என்று மீட்டர் ஒளியை அள்ளிக் கொட்டும். நாய் சாம்பலாக வெளுக்கும், பக்கத்துப் புல்லும் வெளிறும். அதே நாய் வெயிலடிக்கும் சிமெண்டுத் தரையில் தூரத்தில் நின்றால் தலைகீழ்: தரையின் பளபளப்புக்காக மீட்டர் ஒளியைக் குறைக்க, நாய் கண்ணில்லாத கரிக்கட்டியாகிவிடும்.

ஞாயிறுகளில் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குச் சைவ சித்தாந்தம் படிக்கப் போகிறேன். உமாபதி சிவாச்சாரியாரின் திருவருட்பயனில் மூன்றாம் அதிகாரம் இருள்மல நிலை. புற இருள் பொருளை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளும். இருள்மலமாகிய ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். அப்படியானால் படத்தில் காணாமற்போன நாயை மறைத்தது எது? ரோமம் அல்ல. காலை எட்டரைக்கு மாமர நிழலில் பாருங்கள், சுழி சுழியாகத் தெரியும். மறைப்பு மீட்டரின் அளவையில் இருக்கிறது. உலகம் சாம்பல் என்று முன்பே முடிவுகட்டி, அப்படியொரு முடிவு தன்னிடம் இருப்பதே தெரியாமல் பார்க்கிற அளவை அது. ஆணவ மலத்துக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் என் தொழிலில் எனக்குக் கிடைக்கவில்லை.

கையில் பிடிக்கும் மீட்டர் ஒன்று உண்டு. அதன் வெள்ளைக் குமிழை நாயின் முகத்தருகே வைத்துக் கேமரா பக்கம் திருப்பினால், நாய்மேல் விழும் ஒளியை மட்டும் அளக்கும். அங்கே வெள்ளை நாய்க்கும் கறுப்பு நாய்க்கும் ஒரே எண். திருவருள் எல்லா உயிர்மேலும் ஒப்ப விழுகிறது என்பதை நான் முழுதாக நம்புகிறேன். ஓர் உயிர் எவ்வளவு திருப்பித் தருகிறது என்று பார்த்து அதை எடைபோடுவது நியாயமே இல்லை.

நாயோடு இது நிற்பதில்லை. கல்யாண ஆல்பத்தில் கறுத்த பெண்ணை வெளுத்துத் தரச் சொல்கிறார்கள், நான் செய்வதில்லை. கருவறையில் கருங்கல் திருமேனிக்குத் தீபம் காட்டிக் கும்பிடுகிறோம். அந்தக் கல்லை வெளுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பைரவருக்கு வாகனமாக நின்ற நாயையும், பெற்ற பெண்ணையும் மட்டும் ஏன் வெளுக்கச் சொல்கிறோம்?

கை மீட்டர் இல்லாதவர்கள், நாய் படத்தை நிறைத்தால் ஒளியளவை ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள். வெளிறிய பின்னணியில் சிறிதாக நின்றால் கூட்டுங்கள். நண்பகலில் இங்கே சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும், கண்கள் நிழலில் போய்விடும். காலையிலோ மாலை ஐந்துக்குப் பிறகோ, நிழலின் ஓரத்தில், முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். எடுத்த பிறகு கணினியில் வைத்து வெளுக்காதீர்கள்.