சுடாத துப்பாக்கி

கொழும்பிலிருந்து மன்னாருக்கு வண்டியெடுப்பவர், பழைய ஆயுதமொன்றைப் பார்க்க முதலில் தேசிய அரும்பொருட்காட்சியகத்துக்குள் ஒரு நடை போய்வரலாம். கண்டிப் பிரதானி லெவ்கே திசாவையின் பீரங்கி அங்கே இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம்தான். வெண்கல உடம்பில் பொன், வெள்ளி, மாணிக்கக் கற்கள். சூரியன், பிறை, சிங்கம். கண்டி அரசனுக்கு 1740களில் அவர் கொடுத்த அன்பளிப்பு என்பார்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடி அள்ளிப்போனது, 2023இல்தான் திரும்பி வந்தது.

சுடுவதற்கா, கும்பிடுவதற்கா என்று கேட்க வைக்கும் அழகு! புத்தரின் பல்லைக் காத்த அரசர்களுக்கு இந்தப் பீரங்கி. இல்லறத்தார் செய்யக்கூடாதவை எனப் பாளி மறைநூல் சொல்லும் ஐந்து வணிகங்களில் முதலாவதோ ஆயுத வணிகம். அன்பளிப்பு வணிகமல்லவே என்று தப்பிக்கலாம்; வக்கீல் புத்திதான்.

சைவ வீடுகளில் ஆயுத பூசையன்று கத்திக்கும் சந்தனப் பொட்டு உண்டு. கருவிக்குப் பாவமில்லை, கைக்குத்தான் என்பது பழைய வாதம்.

மன்னார்ப் பக்கம், வில்பத்துக் காட்டின் வடக்கு ஓரத்து முள்ளிக்குளத்தில் அந்த வாதம் திணறுகிறது. 2007இல் ஊரே வெளியேற்றப்பட்டது. காணியில் கடற்படை முகாம் எழுந்தது. மாதா கோயிலும் அதற்குள் அகப்பட்டது. திரும்பி வந்தவர்கள் பக்கத்து மலங்காட்டில் கொட்டில் போட்டார்கள். தோளில் சும்மா தொங்கும் துப்பாக்கி ஒருவருடைய வீட்டு வாசலை மறிக்குமானால், பாவக் கணக்கைச் சுட்ட கையின் பேரில் மட்டும் எழுதலாமா?

2017இல் மக்கள் வீதியில் குந்தியிருந்து போராடிய பின், 100 ஏக்கரை விடுவதாகக் கடற்படை அறிவித்தது. மீதிக் காணிக்கான கோரிக்கை அதற்குப் பின்னும் ஓயவில்லை.