காலத்துக்குப் பிழை உண்டா?

வரட்சியினால் நீர்மின் நிலையங்கள் சோர்ந்துபோயிருந்த 1996 மே 25ஆம் திகதி, இலங்கை அரசாங்கம் நாட்டின் கடிகாரங்கள் யாவற்றையும் ஒரு மணிநேரம் முன்னே தள்ளிவைத்தபோது, முதல்நாள் வரை ஆறு மணியை ஒட்டி உதித்துவந்த சூரியன் ஏழு மணியை நெருங்கி உதிக்கலானான். ஆனால் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் பால் வெட்டுவோருக்கு, விடியற்காலைக் குளிர்ச்சியிலேதான் இறப்பர் மரம் தாராளமாய்ச் சுரக்கும் என்ற நியமம் இம்மியும் அசையவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணியும், 2006 ஏப்ரலில் எஞ்சிய அரைமணியும் பின்வாங்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் பழைய மணியையே கைக்கொண்டமையால், ஒரே தீவில் ஒரே கணத்துக்கு இரண்டு மணிகள் வழங்கின. அவற்றுள் எது சத்தியம்?

கணினி இயக்குதளத்தின் உட்கருவான கர்னலில் நேரப்பிழை தேடுவோரும் இவ்வினாவின்முன் வந்து நிற்கின்றனர். கர்னல் காலத்தை அறிவதில்லை. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வுகளை எண்ணுகிறது, அவ்வளவே. படிகம் இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.86 வினாடி பிழை சேரும். வினாடியை 100 துடிப்புகளாய்ப் பகுத்த பழைய லினக்ஸ் கர்னலில், ஒரு மில்லிவினாடி உறக்கம் கேட்ட நிரல் பத்தோ இருபதோ மில்லிவினாடி கழித்தே விழிக்கும். தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் ஆக்கி, 2006இல் லினக்ஸில் சேர்ந்த நேரமானி அமைப்பு கணக்கை நானோவினாடிக்குக் கொண்டுசென்றது. எனினும், பிந்தி எழுப்பினும் முந்தி எழுப்பாதிருத்தல் என்னும் விரதம் பழையதற்கும் புதியதற்கும் பொதுவாகும்.

அவ்விரதம் ஒருமுறை பங்கமுற்றது. கர்னல் இருவகைக் கடிகாரங்களைப் பேணுகிறது: ஒன்று உலக நேரத்தோடு இசையும்படி அவ்வப்போது திருத்தப்படுவது, மற்றது, பொறி விழித்த கணந்தொட்டு முன்னோக்கி மட்டுமே செல்வது. 2012 ஜூன் 30இன் இறுதியில் உலக நேரத்தில் ஒரு வினாடி கூட்டப்பட்டபோது, அத்திருத்தம் லினக்ஸின் நேரமானிகளுக்குத் தெரிவிக்கப்படாமையால், அவை ஒரு வினாடி முந்தியே எழுப்ப, எழுந்த நிரல்கள் மீண்டும் உறங்க முயன்று மீண்டும் எழுப்பப்பட்டு, அநேக சேவையகங்கள் காரியமின்றிச் சுழன்று திணறின. நாடுகளின் மணிமாற்றமோ கர்னலுக்குப் புறத்தே தனி அட்டவணையில் இருப்பதாதலின், 1996இல் நாம் இழந்த ஒரு மணிநேரம் அதன் எண்ணிக்கையில் இழக்கப்படவேயில்லை!

பிழை தேடுவோன் செய்யக்கூடியது ஒரு கடிகாரத்தின் அருகே இன்னொன்றை வைத்து நோக்குதல் மட்டுமே. உலக நேரம் என்பதும் நூற்றுக்கணக்கான அணுக்கடிகாரங்களைத் தம்முள் ஒப்பிட்டுப் பெறும் சராசரியேயாதலால், காலத்தையே கொணர்ந்து கடிகாரத்தின் அருகில் வைத்தவர் எவருமிலர். வைசேடிகர் இதற்கு எளிய விடையொன்று வைத்துள்ளனர்: நவத்திரவியங்களுள் ஒன்றாகிய காலம் ஏகம், விபு, நித்தியம், கணமும் நாளும் சூரிய கதி முதலிய உபாதிகளால், அதாவது புறச்சார்புகளால், விளைந்தவை, ஆதலின் பிழையெல்லாம் உபாதியினுடையது. கேட்க இதமாகவே இருக்கிறது. ஆயினும் எவரும் ஒருபோதும் விசாரிக்க முடியாத சாட்சி, சாட்சியாவது எங்ஙனம்?

சைவ சித்தாந்தமோ காலத்தை மாயையின் காரியமென்றும் சடமென்றும் கொண்டு, அதனோடு நியதி என்னும் வேறொரு தத்துவத்தை எண்ணுகிறது. காலம் எல்லை வகுக்கும். அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு நிறுத்துவது நியதி. இவ்விரண்டையும் பிரித்த நுட்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். 2012இல் கெட்டதும் எண்ணிக்கையன்று. யாரை எப்போதைக்குமுன் எழுப்பலாகாது என்ற ஒழுங்கே கெட்டது.

முகூர்த்தம் தவறினால் பலன் தவறுமோ என்று அஞ்சும் பக்தருக்கும் காலம், நியதி என்னும் இப்பிரிப்பு உதவும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சித்திரை வருடப் பிறப்புக்கு வெவ்வேறு நேரம் கணிக்க, இலங்கைப் பத்திரிகைகள் இரண்டையும் அருகருகே அச்சிடுகின்றன. ஒரே தோட்ட லயத்தில் ஒரு வீட்டார் முன்னதையும் அடுத்த வீட்டார் பின்னதையும் கொண்டு கைவிசேடம் வழங்கினால், இரண்டிலொன்று வீணாயிற்று என்று தீர்ப்பளிக்கக் கணிதத்துக்கு அதிகாரமில்லை. கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் உரியது, எந்த மணியில் கொடுக்கப்பட்டாலும், வேறொருவருக்குப் போவதில்லை.