நோயுற்ற துணையும் திருத்தொண்டும்



நாகையினின்றும் தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையிலே வேளாங்கண்ணி என்னும் ஊர் உளது. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் தொடங்கிச் செப்டம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் வரையில் அங்கு நிகழும் கிறித்தவர் திருவிழாவிற்கு, அச் சமயத்தாரேயன்றி நம்மவரும் பெருந்திரளாய்ப் போதருகின்றனர். மோர் விற்கும் முடச்சிறுவன் ஒருவன் அங்கே கால் பெற்று நாகைக்கு ஓடினான் என்பது அத் தலத்தார் வழிவழி கூறும் வரலாறு. அதனை ஆராய்தல் ஈண்டு எம் கருத்தன்று. அச் சாலையிற் செல்வாரிடையே, சக்கர நாற்காலியிற் கணவனை இருத்தித் தள்ளிச் செல்லும் மனைவியரும், ஒரு பக்கம் விழுந்த மனைவியைத் தோளிற் சார்த்தி அடியடியாக நடத்திச் செல்லும் கணவரும் காணப்படுவர். இவர்கட்கு நம் சாத்திரம் யாது கூறும் என்பதே எம் வினா. அச் சாலையைப் பற்றி மேலுந் தெற்கே சென்றால் திருமறைக்காடு வரும் என்பதையும் அன்பர்கள் நினைவிற் கொள்க. அத் தலத்திற்கும் இப் பொருட்கும் உள்ள இயைபு பின்னர்ப் போதரும்.

இவ்வினாவிற்கு நம்மவருட் பலர் விரைந்து விடை கூறிவிடுகின்றனர். 'எல்லாம் பிராரத்தம், நுகர்ந்தே தீரவேண்டும்' என்பது அவ் விடை. கூறுவார்க்கு இஃது எளிது. குறுவை அறுவடையின்போது களத்துமேட்டில் வாய் கோணி விழுந்த கணவனைக் கட்டிலிற் கிடத்தி, எட்டுத் திங்களாக இரவு உறங்காதிருப்பாள் ஒருத்திக்கு அதனைக் கேட்டல் அரிது. அரிதென்பது மட்டுமன்று, அவ் விடை சித்தாந்தமும் ஆகாது. வினை சடப்பொருள். அது தானே சென்று பற்றுவதன்று. உயிரின் மலம் நீங்குதற்பொருட்டு இறைவன் கூட்டக் கூடுவது. அவன் கூட்டுவது வதைத்தற்கன்று, தீர்த்தற்கே. அருணந்தி தேவநாயனார் சிவஞானசித்தியாரில் இதற்கு உவமையாக எடுத்தது யாரை? மருத்துவனை அன்றோ! சில பிணியை அறுத்துங் கீறியும், சில பிணியை இனியன ஊட்டியும் தீர்ப்பான் மருத்துவன் என்று அவர் கூறினார். இறைவன் அருட்கே மருத்துவன் உவமையாயினான் எனின், வினையின் பெயரால் மருத்துவனை விலக்குதல் எந் நூலிற் பெற்ற துணிபு?

அன்றியும், கொங்குநாட்டிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார் குழாத்தைக் குளிர்சுரம் பற்றியபொழுது, ஆளுடைய பிள்ளையார் 'வினை, பொறுத்திருமின்' என்று கூறி வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச் சுரத்தைப் போக்கினார். அப் பதிகத்தின் உட்கிடையும், வினை என்று கூறிக்கொண்டே அதனினின்று உய்யும் வழியைத் தேடாதிருப்பாரை வினாவுவதே. நோயாளி நுகர்வது பிராரத்தமாயின், அவன் கட்டிலருகே நின்று 'நுகர்க' என்று கூறிப் போவான் ஈட்டுவது ஆகாமியம் என்பதை யாம் மறத்தலாகாது.

இனி, பாரிசவாயு என்றும் பக்கவாதம் என்றும் வழங்கும் இந் நோயின் இயல்பைச் சிறிது நோக்குவாம். கை விழுந்தது என்கின்றோம்; பழுது கையில் இல்லை. மூளைக்குச் செல்லும் குருதிக்குழல் ஒன்று அடைபட்டோ வெடித்தோ, அதனாற் பேணப்பட்ட மூளைப்பகுதி கெட, அது செலுத்திய கை கிடையாய்க் கிடக்கின்றது. இடப்பக்க மூளை கெட்டார்க்கு வலப்பக்கம் விழும். அவருட் பலர்க்குச் சொல்லும் போகும். நம் நூல்கள் உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் உளவென்றும், தனுவும் கரணமும் அவை விளங்குதற்குக் கருவியென்றும் கூறும். கருவி பழுதுற்றமையால் உயிர் குறைந்ததாகாது. இது வெறுந் தருக்கமன்று. கட்டிலருகே நாள்தோறும் வேண்டப்படும் உண்மை. சொல் இழந்தார் பலர், பிறர் சொல்வதை ஓரளவேனும் உணர்வர். அவர் கேட்க, 'இன்னும் எத்தனை நாளோ' என்றும், 'நிலத்தை ஒற்றி வைத்தாயிற்று' என்றும் உறவினர் உரையாடுதல் நாம் பல இல்லங்களிற் காணுங் கொடுமை. வாய் பேசாமையால் உயிர் அங்கில்லை என்று கொள்வார், சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் ஓதியும் பயன் என்னை?

நோய் வீழ்த்திய அன்று செய்யற்பாலது ஒன்றே: காலந்தாழாது மருத்துவமனை சேர்த்தல். குழல் அடைபட்டதாயின், நாலரை மணி நேரத்துள் அடைப்பைக் கரைக்கும் மருந்து தரப்பெற்றார் பலர் பெரும்பான்மையும் மீள்வர். வாயில் நீரோ சோடாவோ வார்த்தல் நம் ஊர்களில் வழக்கம். அஃது அறவே கூடாது. விழுங்கும் ஆற்றல் குன்றினார்க்கு அந் நீர் மூச்சுக்குழலிற் சென்று நுரையீரலை அழற்றும். பக்கவாதத்திற்குத் தப்பியார் பலர் இவ் வழற்சியால் இறந்துபடுகின்றனர். பின்னும் நெடுநாள் வரையில் உணவூட்டுங்காலை நிமிர்ந்திருக்கச் செய்து, சிறிது சிறிதாக ஊட்டி, இருமலோ ஈரக் குரலோ எழுமாயின் நிறுத்தல் வேண்டும்.

அதன்பின் வரும் இடர்களே துணையாயினாரை உண்மையிற் சோதிப்பன. ஒரே கிடையாய்க் கிடந்தால் இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பின்னர் எலும்பு தெரியப் புண்படும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்தலே அதற்குக் காப்பு. பெருங்கோயில்களில் நாளொன்றிற்கு ஆறுகாலப் பூசை; இவ் வில்லத்திற் பன்னிருகாலம், அவற்றுட் பாதி இரவில். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வெம்மையுறின் அங்கே குருதி உறைந்தது என்றறிதல் வேண்டும். அவ் வுறைகட்டி நுரையீரலுக்கு ஏறின் உயிர்க்கு இறுதி. விழுந்த கையைப் பற்றி இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். பனையினின்றும் மரத்தினின்றும் வீழ்ந்து கழுத்துத் தண்டுவடம் முறிந்தார்க்கோ வேறோர் இடர் உண்டு. சிறுநீர்க்குழாய் மடங்கி அடைபட்டால், அதனை அவர் உணரார்; ஆயின் தலை வெடிப்பதுபோல் நோவும், முகம் வியர்க்கும், குருதியழுத்தம் பொங்கும். உடனே நிமிர்த்தி இருத்திக் குழாயின் மடிப்பை நீக்கி மருத்துவரை அழைத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் எழுத்தறியாத மகளிரும் கற்றுக்கொள்கின்றனர். எந்தக் கிரியை நூலினும் இதிற் பிழைக்கு இடம் குறைவு.

இனித் திருமறைக்காட்டிற்கு வருவாம். பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் விடுத்த தூதர், ஆளுடைய பிள்ளையாரைக் கண்டு வணங்கியது அத் தலத்திலேயாம். மதுரையில் அரசனைச் சுரம் பற்றிய வரலாறு அன்பர் அனைவரும் அறிந்ததே. அதனுள் யாம் காட்ட விழைவது அம்மையார் நிலை ஒன்றனையே. கணவர் வேற்றுச் சமயஞ் சார்ந்திருந்த நெடுங்காலம் அவர் பிரிந்தாரல்லர். தம் நெறியைக் கைவிட்டாருமல்லர். சுரம் கொதித்தெழுந்தபொழுது, 'நும் பிழையால் வந்தது, நுகர்க' என்றும் விட்டாரல்லர். இந் நோயின் மூலம் இது, தீர்ப்பார் இவர் என்று அஞ்சாது எடுத்துரைத்தார். மடத்திலே தீயிட்ட பழியால் வந்த வெப்பமாயினும், அம்மையார் திருமங்கலியத்தைக் காத்தற்பொருட்டு அது பையச் செல்லுமாறு பிள்ளையார் பணித்தார் என்று சேக்கிழார் காட்டுதல் நோக்கத்தக்கது. வினையின் வேகத்தையே ஒரு துணைவியின் அன்பு தணித்தது என்பது இதன் பொருளன்றோ? பின்னர், அரசன் உடலின் வலப்பாகம் திருநீற்றாற் குளிர, சமணர் ஏற்ற இடப்பாகம் அழலாய்க் கொதித்தது. ஓருடலே இரண்டாய் நின்ற அந் நேரத்தில் அம்மையார் அங்கேயே இருந்தார். பாதியுடல் தனதாகவும் பாதியுடல் அயலதாகவும் கிடக்கும் கணவனருகே இருக்கும் மனைவியர்க்கு இவ்வரலாறு புராணச் செய்தியாக மட்டும் தோன்றாது.

அற்றேல், 'பிள்ளையார் ஒரு பதிகத்தாற் சுரம் தீர்த்தார். எம் கணவர்க்கு ஈராண்டாகியும் விரல் மடங்கவில்லையே' எனின், அவர்க்கு ஆளுடைய நம்பிகள் வரலாற்றைக் கூறுவாம். திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்து, அதனைக் கடந்தமையால் நம்பிகள் கண்ணிழந்தார். தம்பிரான் தோழர்க்கும் அச் சூள் அத்துணை வலிதாயிற்று. மீண்டும் கண் பெற்றதோ ஒருங்கே அன்று. திருவெண்பாக்கத்தில் இறைவன் அருளியது ஊன்றுகோல் ஒன்றே. காஞ்சியில் இடக்கண் தந்தான். எஞ்சிய கண்ணை ஆரூரில் தந்தான். இடையே, உடலிற் பற்றிய பிணி திருத்துருத்தியில் நீங்கிற்று. எல்லாம் வல்லான் முதற்கண் கோல் கொடுத்து நடத்தியது ஏன் என்று ஆராய்ந்தார் பலவாறு கூறுப. எமக்குத் தோன்றுவது, கோலும் அருளே என்பது. இயன்முறை மருத்துவர் தரும் கைக்கோலையும், காற்பட்டையையும், சக்கர நாற்காலியையும் தோல்வியின் குறியாக எண்ணி வெறுப்பார்க்கு இதனைச் சொல்லுக. நோயுற்ற முதற் சில திங்களில் மீட்சி விரைவாக நிகழும், பின்னர் மெல்லெனச் செல்லும், ஆயினும் நின்றுவிடாது. ஒரே அசைவைப் பன்னூறு முறை பயில, கெட்ட பகுதியின் தொழிலை மூளையின் பிற பகுதிகள் ஓரளவு ஏற்கின்றன என்பது இக்காலத்தார் கண்ட உண்மை.

துணையாயினார் படும் பாட்டையும் மறைத்தல் கூடாது. இங்கிலாந்து தேசத்து அறிஞர் இசுடீபன் ஆக்கிங்கு உடல் முழுதும் செயலற்று வந்த காலத்தில், 1985-ஆம் ஆண்டு செனீவா நகரில் நுரையீரல் அழற்சியால் உயிர்க்கு ஊசலாடினார். மூச்சுப்பொறியை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர் வினவியபொழுது, அவர் மனைவியார் சேன் மறுத்துக் கேம்பிரிட்சுக்குக் கொணர்ந்தார். தொண்டையிற் துளையிட்டமையாற் குரல் போயிற்று, உயிர் நின்றது. அவர்தம் பெயர்பெற்ற நூல் 1988-இல் வெளிவந்தது. அதன் பின்னரும் முப்பதாண்டு வாழ்ந்து 2018-இல் அவர் மறைந்தார். ஆயினும் கால் நூற்றாண்டு கடந்தபின் 1990-இல் அவ் விருவரும் பிரிந்தனர். இதனை எடுத்து, 'மேனாட்டார் இல்லறம் இத்தன்மைத்து' என்று பழிப்பார் உளர். யாம் அவ்வாறு கொள்ளேம். ஓர் உயிரின் பாரம் முழுவதையும் மற்றோர் உயிரின் தோளில் மட்டும் வைத்தால் அத் தோள் என்றேனும் ஒடியும். நம் மகளிர் ஒடிவதை நாம் காண்பதில்லை. அவர் வெளியே சொல்வதில்லை, அவ்வளவே.

ஆதலின் மடத்தார்க்கும் திருக்கூட்டத்தார்க்கும் யாம் கூறுவது இது. நம் வேண்டுகோள் துணையாயினாரைப் புகழ்தற்கன்று. அவரை ஓர் இரவு உறங்கச் செய்தற்கு. நாவரசர் உழவாரப் படை ஏந்திக் கோயில் முற்றத்துப் புல் செதுக்கினார். அப் பணிக்கென்று திங்கள்தோறும் திரளும் அன்பர்களுள் இருவர், வாரத்தில் ஒரு நாள், ஒரு வீட்டிற் சென்று நான்கு மணி நேரம் நோயாளியைப் பார்த்துக்கொண்டால் அவ் வில்லாள் வெளியே சென்று வருவாள். புரட்டுதலும் ஊட்டுதலும் கற்றல் ஒரு பிற்பகலில் ஆவது. 2021-ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்கீழ் இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டிற்கே வருகின்றனர். அதனை அறியாத வீடுகட்கு அறிவித்தலும் தொண்டே.

மற்றுமொன்று. சக்கர நாற்காலியில் வருவார்க்கு நம் கோயில் வாயில்கள் பெரும்பாலும் இடந்தருவதில்லை. முழங்கால் உயரக் கல்லும், அதன்மேல் மரப்படியும் இருக்க, கணவனை வெளியே விட்டு மனைவி மட்டும் உட்சென்று திருநீறு கொணர்ந்து பூசுகின்றாள். திருப்புன்கூரிலே வெளியே நின்ற நந்தனார் காணும்பொருட்டு நந்தியை விலகச் செய்த பெருமானுடைய கோயில்கள் இவை. சிற்பநூல் விதியைக் குலைத்துக் கல்லைப் பெயர்க்க யாம் கூறவில்லை. எடுத்து வைத்து எடுக்கும் சாய்பலகை ஒன்று போதும். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடிப் பலகை. ஊர்த் தச்சர் ஒரு நாளிற் செய்து தருவர்.