தேய்மானம் யார் செய்தது?

இருபது வயதில் கபடிக் களத்தில் ஜவ்வு கிழிந்தவரை ஐம்பது வயதில் பாருங்கள். மாடிப்படி இறங்கும்போது கை தானாகச் சுவரைத் தேடும். என்ன ஆச்சு என்றால், "தேய்மானம்" என்பார். சுற்றியிருப்பவர்களும் தலையாட்டுவார்கள். முன்பு தலையெழுத்து என்று சொன்ன இடத்தில் இப்போது இந்தச் சொல்லை வைத்துக்கொண்டோம். இரண்டிலும் ஒரே வசதி: யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

முழங்கால் என்ன செருப்பா, நடக்க நடக்கத் தேய? மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பாரம் ஏறி இறங்கும்போது, பிழிந்து விட்ட பஞ்சு நீரை இழுப்பது போல, மூட்டுத் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் எடுக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், உடல்நலத்துக்காக ஓடியவர்களில் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டினருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. ஓடாதவர்களில் 10 விழுக்காடு. உச்சப் போட்டிகளில் ஓடியவர்களில் 13.

அப்படியானால் ஆட்டக்காரரின் காலை எது கெடுத்தது? பெரும்பாலும் காயம், போதாததற்கு, ஆறாத காயத்தோடு ஆடியது. ஜவ்வு அறுவைக்குப் பிறகு குறைந்தது 9 மாதம் போட்டிக்குத் திரும்ப வேண்டாம் என்பது இன்று பரவலான மருத்துவ அறிவுரை. நாமோ மூன்றாம் மாதமே நீ-கேப் மாட்டி, வலிக்கு ஊசி போட்டு, திருவிழாக் கோப்பைக்கு இறக்கிவிடுகிறோம். நொண்டிக்கொண்டே பாடிப் போனவனை வீரன் என்று விசிலடித்தது யார்? நாம்தான். அந்த விசிலுக்கும் இன்றைய மாடிப்படிக்கும் தொடர்பு உண்டு.

பிறகு கத்தியை நம்புகிறோம். 2002-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் ஹூஸ்டனில் மூட்டுத் தேய்வு கொண்ட 180 பேரை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு முழங்காலுக்குள் குழாய்விட்டுச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்தும் வலியில் வேறுபாடு தெரியவில்லை.

தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி பலன் தருகிறது. எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. செலவு அதிகமில்லை, கற்றுத்தர ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆனால் பரிசுத் தொகைக்கு வசூல் எழுதும் நோட்டில், கால் போன பையனின் ஒன்பது மாதத்துக்கென ஒரு பக்கம் ஒதுக்கிய விழாக் குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை.