பிறர் ஆலையும் தன் பண்ணையும்

ஏழாம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அந்தோணி ஆஷ்லி கூப்பர் (1801–1885) இங்கிலாந்தின் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் குழந்தைகள் படும் வதையை எதிர்த்து அரை நூற்றாண்டு போராடியவர். அந்தப் போராட்டத்தின் முற்பகுதி முழுவதும், டார்செட் மாவட்டத்தில் அவருடைய தந்தையின் நிலத்தில் பாடுபட்ட கூலியாட்கள் அரைவயிற்றுக் கூலிக்கு உழைத்து, நெருக்கியடித்த குடிசைகளில் கிடந்தார்கள். ஆலை முதலாளிகள் இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டினார்கள். தன் வீட்டில் அநீதி இருக்கையில் அடுத்தவர் வீட்டு அநீதியைக் கண்டிக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்பது பழைய கேள்வி. ஷாஃப்ட்ஸ்பரியின் வாழ்க்கையில் அது ஆண்டுக் கணக்கோடும் கூலிக் கணக்கோடும் எழுந்து நிற்கிறது.

அவர் லண்டனின் குரோவ்னர் சதுக்கத்தில் பிறந்தார். தாய் மார்ல்பரோ கோமகனின் மகள். செல்வத்துக்குக் குறைவில்லாத அந்த வீட்டில் பிள்ளைகளிடம் பாசம் காட்ட மட்டும் ஆளில்லை. பெற்றோரிடம் கிடைக்காத அன்பை மரியா மில்லிஸ் என்ற வீட்டுப் பணிப்பெண் கொடுத்தார். செபிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அவர் விட்டுச்சென்ற தங்கக் கடிகாரத்தை ஷாஃப்ட்ஸ்பரி கடைசிவரை பையில் வைத்திருந்தார். 1826இல் நாடாளுமன்றம் புகுந்ததும் குடும்பச் செல்வாக்கால்தான்: உட்ஸ்டாக் தொகுதி தாய்வீட்டாரின் கைக்குள் இருந்தது. 1830இல் அவர் மணந்த எமிலி கூப்பரின் தாய்மாமன் மெல்பர்ன் பிரபு. எமிலியின் தாய் பிற்பாடு பாமர்ஸ்டன் பிரபுவை மறுமணம் செய்துகொண்டார். இருவருமே பிரதமர்கள் ஆனவர்கள். தந்தை இருக்கும்வரை மூத்த மகனுக்கு ‘ஆஷ்லி பிரபு’ என்பது மரியாதைப் பெயர் மட்டுமே. ஆகவே அவர் மக்கள் சபையில் உட்கார முடிந்தது. அவருடைய குரல் எடுபட்டதற்கு இந்த உறவுகளும் ஒரு காரணம். நூற்பாலையில் நின்ற பத்து வயதுச் சிறுமிக்கு அப்படிப்பட்ட மாமன்மார் இல்லை.

ஆலைத் தொழிலாளர் வழக்கை நாடாளுமன்றத்தில் நடத்திவந்த மைக்கேல் சாட்லர் 1832 தேர்தலில் தோற்றார். மறு ஆண்டு அந்தப் பொறுப்பை ஏற்கும்படி ஆஷ்லியிடம் கேட்டபோது, மனைவியிடம் கலந்துபேசிவிட்டு ஒப்புக்கொண்டார். அவர் கொண்டுவந்த மசோதாவை அரசு ஒதுக்கிவிட்டுத் தன் சட்டத்தையே நிறைவேற்றியது. பட்டாலைகள் நீங்கலாக மற்ற நெசவாலைகளில் 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. 9 முதல் 13 வயதுவரை வாரம் 48 மணி நேரம். இதைக் கண்காணிக்க நாடு முழுவதற்கும் நான்கே ஆய்வாளர்கள். ஆஷ்லி கேட்ட பத்து மணி நேர வேலைநாள் இன்னும் எட்டாத தூரத்தில் இருந்தது.

எதிர்ப்பு வந்த திசையில் ஒரு நியாயமும் இருந்தது. வெளிநாட்டுத் தானியத்தின்மீது வரி விதித்த தானியச் சட்டங்கள் ரொட்டியின் விலையை உயர்த்தி, நிலக்கிழார்களின் குத்தகை வருமானத்தைக் காத்தன. ஏழையின் ரொட்டியை விலையேற்றி வாழும் வர்க்கம் ஏழையின் வேலை நேரத்துக்காக உருகுவது எப்படி என்று ஆலைக்காரர்கள் கேட்டார்கள். 1834இல் டார்செட்டின் டால்படில் கிராமத்தில், 7 ஷில்லிங் வாரக் கூலி மேலும் குறையும் என்ற அச்சத்தில் சங்கம் சேர்ந்த ஆறு பண்ணையாட்களை, சட்டவிரோதமாக ரகசியச் சத்தியம் எடுத்தார்கள் என்று ஏழு ஆண்டு நாடுகடத்தினார்கள். அப்போது அந்த மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஆஷ்லியும் ஒருவர். யார்க்ஷயர் ஆலைச் சிறுவர்களுக்காக எழுந்த குரல் தன் தொகுதியின் அந்த ஆறு பேருக்காக எழவில்லை. 1844 மார்ச்சில் ராச்டேல் ஆலைக்குடும்பத்தைச் சேர்ந்த ஜான் பிரைட் சபையில் எழுந்து டார்செட் கூலிகளின் நிலையைச் சுட்டிக்காட்டிக் கடுமையாகத் தாக்கினார்.

பிரைட்டின் பேச்சில் மூன்று குற்றச்சாட்டுகள் பின்னிக் கிடந்தன. ஆஷ்லி சொல்வது உண்மையல்ல என்பது ஒன்று. அவர் போலி என்பது இன்னொன்று. அவர் பார்க்க விரும்பியதை மட்டும் பார்க்கிறார் என்பது மூன்றாவது. ‘ஊருக்கு உபதேசம்’ என்று நாம் ஒரே சொல்லில் அடிக்கும்போதும் இந்த மூன்றையும்தான் கலந்துவிடுகிறோம். சாட்சியங்களில் சில மிகையானவை என்ற வாதம் நடந்தது. ஆனால் ஆலையில் குழந்தை எத்தனை மணி நேரம் நின்றது என்பதை ஆலைக் கடிகாரம்தான் சொல்ல வேண்டும், டார்செட் குடிசை அல்ல. சொல்பவரின் கை அழுக்கு, சொன்ன செய்தியைப் பொய்யாக்காது. அப்படி ஆக்கும் என்று ஏற்றால், குற்றமற்ற ஒருவர் கிடைக்கும்வரை எந்தக் குழந்தைக்கும் வழக்காட ஆளில்லாமல் போகும். அந்தக் காத்திருப்பின் செலவு பிரைட்டின் தலையிலோ ஆஷ்லியின் தலையிலோ விழாது.

போலித்தனம் என்ற குற்றத்துக்கு அதிகாரம் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். பண்ணை தந்தையுடையது, ஆறாம் பிரபு பிடிவாதக்காரர், மகனோடு நெடுங்காலம் மனத்தாங்கல் கொண்டிருந்தவர். ஆஷ்லியால் அங்கே ஒரு கூரையைக்கூட மாற்ற முடியாது. பேசத்தான் முடியும். 1843 நவம்பரில் ஸ்டர்மின்ஸ்டர் விவசாயச் சங்க விருந்தில், நிலக்கிழார்கள் நடுவில் எழுந்து, கூலியாட்களின் நிலை பற்றி மாவட்டத்தின்மீது சொல்லப்படும் குறைகளைத் தள்ளிவிட முடியாது, சரிசெய்தாக வேண்டும் என்றார். தந்தை கொதித்தார், உறவு மீண்டும் முறிந்தது. பிரைட் தாக்கியது இதற்குச் சில மாதங்கள் கழித்து.

மூன்றாவது குற்றச்சாட்டு எளிதில் விலகாது. 1842இல் அவர் கொண்டுவந்த சுரங்கச் சட்டம் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. நிலக்கரியில் பெரும்பங்கு பிரபுக்களின் நிலத்துக்கு அடியில் இருந்தது. பிரபுக்கள் சபையில் லண்டண்டெரி பிரபு எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார், மசோதா கேட்ட 13 வயது 10 ஆகக் குறைந்தது. ஆகவே தன் வர்க்கத்தை அவர் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் 1833க்கும் 1843க்கும் நடுவே பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பத்து ஆண்டுகளில் பண்ணைக் கூலியின் பசி அவருடைய முதல் கவலையாக இருக்கவில்லை. தூரத்துத் துன்பம் கண்ணில் பட்டு, பிறந்த ஊரின் துன்பம் பழகிப்போவது மனித இயல்பு என்பது விளக்கம். டால்படில் குடும்பங்களுக்கு அது சமாதானம் ஆகாது.

1846 தொடக்கத்தில் வேறொரு சோதனை வந்தது. தானியச் சட்டங்கள் போக வேண்டியவையே என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். ஆனால் டார்செட் விவசாயிகள் அவற்றைக் காப்பார் என்று நம்பித்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். அவர் பதவி விலகினார். பத்து மணி நேர மசோதா வெற்றியின் வாசலில் இருந்த நேரம் அது. 1847இல் அதை நிறைவேற்றிய பெருமை டாட்மார்டன் ஆலை முதலாளி ஜான் ஃபீல்டனுக்குப் போனது. ஃபீல்டன் பத்து வயதில் தன் தந்தையின் ஆலையிலேயே வேலை செய்தவர். ஆலைக்குள் இருந்து எழுந்த குரலிடம் உன் கை சுத்தமா என்று கேட்க ஆலைக்காரர்களுக்கு வழியில்லை. வெளியாள் ஒருவரும் உள்ளாள் ஒருவரும் சேர்ந்து சுமந்த சட்டம் அது. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவர் வெளியாள்.

1851 ஜூனில் தந்தை இறந்தார். ஐம்பது வயதில் ஷாஃப்ட்ஸ்பரி பட்டமும் பண்ணையும் கைக்கு வந்தன, கூடவே பெருங்கடனும். விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸ் கிராமத்தின் குடிசைகளைப் பார்த்தவர், அழுகிய வீடுகளுக்காகப் பிறரைக் கடிந்தே வாழ்நாளைக் கழித்த தனக்கு அதே கேடுகள் நிறைந்த நிலம் வந்து சேர்ந்ததையும், திருத்தக் கையில் காசில்லாததையும் நாட்குறிப்பில் நொந்துகொண்டார். பிரைட் ஏழு ஆண்டுக்கு முன் சொன்னதை இப்போது அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். கடன்பட்டுக் குடியிருப்புகள் கட்டி, தோட்டத்தோடு வாரம் 1 ஷில்லிங் வாடகைக்குக் கொடுத்தார். எல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. பண்ணை நிர்வாகத்தில் நடந்த மோசடியும் வழக்கும் அவரை மேலும் கடனில் தள்ளின.

வீட்டிலும் துயரம் இருந்தது. பத்துப் பிள்ளைகளில் ஃபிரான்சிஸ் 1849இல் ஹாரோ பள்ளியில் படிக்கும்போதே இறந்தான். மாரிஸ், மேரி, கான்ஸ்டன்ஸ் ஆகியோரும் தந்தைக்கு முன்பே போனார்கள். 1872இல் மனைவியும் மறைந்தார். மனநோயாளிகளின் காப்பகங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைமையை அவர் இத்தனைக்கும் நடுவே சாகும்வரை விடவில்லை.

பண்ணையைத் திருத்தியதால் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடவில்லை. ஏழைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றவர், ஏழையின் கையில் அதிகாரம் வருவதை விரும்பவில்லை. 1867 வாக்குரிமை விரிவாக்கத்தை எதிர்த்தார், தொழிற்சங்கங்களை நம்பவில்லை. டால்படில் ஆட்கள் கேட்டது இரக்கத்தை அல்ல, கூடிப் பேசும் உரிமையை; அந்த இடத்தில் அவருடைய அறம் நின்றுவிட்டது.

கடைசி ஆண்டுகளில் அதே கேள்வி இந்தியாவின் பெயரால் திரும்ப வந்தது. 1879இல் அவர் பிரபுக்கள் சபையில் இந்தியப் பஞ்சாலைகளில் உழைக்கும் குழந்தைகளுக்காகச் சட்டம் கேட்டார். பம்பாய் ஆலைகளின் போட்டியை ஒடுக்க லங்காஷயர் முதலாளிகளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்திய ஆலை அதிபர்களும் பத்திரிகைகளும் இந்தக் கருணையை நம்பவில்லை, நம்பாததற்குக் காரணமும் இருந்தது. 1881இல் முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது: நூறு பேருக்குக் குறையாத ஆலைகளில் 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வேலை கூடாது, 12 வயதுவரை நாளுக்கு ஒன்பது மணி நேரம். இங்கிலாந்தில் அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே அந்த வயது 10 ஆகிவிட்டிருந்தது. ஷாஃப்ட்ஸ்பரி 1885இல் இறந்தார். இந்தியச் சிறுவனுக்கு அந்த வயது 1891இல்தான் 9 ஆயிற்று.